உப்பிய கண்டன்சரும் விட்டுப்போன உப்பும்

2012 கோடையில் பேரணாம்பட்டில் யாரிடம் பேசினாலும் பேச்சு கரண்டில்தான் வந்து நிற்கும். சென்னையில் ஒன்றிரண்டு மணி நேரம் போன மின்சாரம் எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் போனது. டேனரிகளில் ட்ரம் நின்றால் உள்ளே இருக்கும் தோல் கெட்டுவிடும் என்று ஜெனரேட்டரை ஓட்டினார்கள். ஜெனரேட்டர் இல்லாத சின்ன யூனிட்டுகளில், ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்கள் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. பி.எஃப். படிவம், வேலைக்கு விண்ணப்பம், பிளஸ் டூ ரிசல்ட் எல்லாம் அங்கேதான். அந்தக் கடைக்குச் சென்னையிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்த பதினேழு இன்ச் எல்சிடி மானிட்டர் ஒருநாள் மக்கர் பண்ணியது. ஸ்விட்சைப் போட்டால் பச்சை விளக்கு எரியும். திரையில் படம் வரும். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் இருட்டாகிவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி இரண்டு செகண்ட்.

தெருக்கோடியில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் அண்ணனிடம் அது வந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை இல்லாமல் அவர் பெஞ்சில் உட்கார்ந்து கிடந்த காலம் எனக்கு. அண்ணன் பின்பக்கத்தைத் திறந்து பவர் போர்டை வெளியே எடுத்தார். முதல் காரியமாக 60 வாட் பல்பின் இரண்டு ஒயரையும் பெரிய கண்டன்சரின் காலில் வைத்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். "கரண்டு போனாலும் இதுக்குக் கோபம் போவாதுடா தம்பி" என்பார்.

போர்டின் இன்னொரு ஓரத்தில் வரிசையாக நான்கு சின்ன டப்பிகள். நான்கின் தலையும் தட்டையாக இல்லாமல் மேடாக உப்பியிருந்தன. ஒன்றின் தலை பிளந்து பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. "அவ்ளோதான், கண்டன்சர் பூட்ச்சி" என்றார். ஊரில் கிடைத்த நான்கைப் போட்டார். மானிட்டரை மாட்டி ஸ்விட்சைப் போட்டோம்.

ஒன்று. இரண்டு. இருட்டு.

கடைக்காரர் அன்று சாயந்திரம் வந்து சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்திருக்கிறது. "உள்ள இருந்த ஒரிஜினலக் கழட்டிக்கினு டூப்ளிகேட்டப் போட்டுக்கிற." நாலு பேர் நிற்கும்போது சொன்னார். அண்ணன் பதில் பேசவில்லை. வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மானிட்டரை மட்டும் கொடுக்கவில்லை. "ரெண்டு நாள் டைம் குடுங்க பாய்."

*

பாடப்புத்தகம் மின்தேக்கி என்று சொல்வதை எங்கள் பக்கம் மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்கள். மானிட்டருக்குள் இருக்கும் டப்பி வகையைப் பிரித்தால் மூன்றே சாமான்: அலுமினியத் தகடு, காகிதம், ஒரு திரவம். மெல்லிய இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே காகிதத்தை வைத்து, பாய் மாதிரி சுருட்டி, திரவத்தில் ஊறவைத்து, டப்பியில் போட்டு அடைத்திருப்பார்கள்.

விஷயம் கண்ணுக்குத் தெரியாத நாலாவது சாமானில் இருக்கிறது. ஒரு தகட்டின் மேல் அலுமினிய ஆக்சைடு படலம் ஒன்றை வளர்த்திருப்பார்கள். முடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. அந்தப் படலம்தான் மின்சாரத்தைத் தாண்ட விடாமல் தடுத்து, இரண்டு பக்கமும் தேங்க வைக்கிறது. அதைக் காப்பதும், கீறல் விழுந்தால் மறுபடி வளர்ப்பதும் திரவத்தின் வேலை. திரவம் கெட்டால் டப்பி கெட்டது.

இதற்கு வயது நூற்றுக்கு மேல். அலுமினியத்தின் மேல் வளரும் படலம் சரியான கரைசலில் கரையாமல் நிற்கிறது என்பதைக் கண்டு, 1896இல் கார்ல் போலாக் என்ற போலந்துக்காரர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் பயன்படுத்தியது போராக்ஸ் கரைசல். டேனரி ஊர்க்காரர்களுக்குப் போராக்ஸ் புதிதல்ல. தோலில் மிஞ்சும் அமிலத்தைத் தணிக்க நாங்களும் வைத்திருப்பதுதான். அன்றிலிருந்து நூறு வருஷம் கம்பெனிகள் போட்டிபோட்டது பெரும்பாலும் இந்தத் திரவத்தின் பக்குவத்தில்தான். எதை எவ்வளவு கலப்பது என்பது கம்பெனிக்குள் நாலு பேருக்குத் தெரிந்த ரகசியம். மேஸ்திரி ட்ரம்முக்குள் என்ன போடுகிறார் என்பதைப் பக்கத்து டேனரிக்காரன் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பது போல.

1990களின் கடைசியில் ஒரு நெருக்கடி வந்தது. கம்ப்யூட்டர் பிராசசர்கள் வேகமாகிக்கொண்டே போயின. அவை திடீர் திடீரென்று நிறைய கரண்டைக் கேட்டன. கண்டன்சர் கேட்ட நொடியில் கொடுக்க வேண்டும். அதற்கு உள்தடை குறைவாக இருக்க வேண்டும். வீட்டு மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்கிறது, ஆனால் கீழே வரும் பைப் பென்சில் அளவுதான் என்று வையுங்கள். டேங்க் நிறைந்திருந்தும் குளிக்க முடியாது. அந்தப் பைப்பின் குறுகல்தான் உள்தடை. ஆங்கில எழுத்தில் ஈ.எஸ்.ஆர். என்பார்கள்.

உள்தடையைக் குறைக்க மலிவான வழி திரவத்தில் தண்ணீரை அதிகமாக்குவது. ஜப்பானின் ரூபிகான் போன்ற கம்பெனிகள் இதைச் செய்து காட்டின. ஆனால் தண்ணீருக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. தண்ணீர் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். மூடிய டப்பிக்குள் வாயு சேர்ந்தால் தலை உப்பும், வெடிக்கும். அதைத் தடுக்க பாஸ்பேட் மாதிரியான காப்புச் சரக்கு சேர்க்க வேண்டும். டப்பியின் தலையில் சிலுவை போலவோ 'கே' போலவோ கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் குண்டு மாதிரி வெடிக்காமல் அந்தக் கீறலில் பிளந்துகொள்ளட்டும் என்று செய்தது அது.

*

2002இல் உலகம் முழுக்க கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் கண்டன்சர்கள் உப்பத் தொடங்கின. வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியவை சில மாதங்களில் போயின. அந்த வருஷம் உதிரிபாகத் தொழில் பத்திரிகை ஒன்றும், 2003 பிப்ரவரியில் ஐஈஈஈ ஸ்பெக்ட்ரம் இதழும் ஒரு கதையை வெளியிட்டன. ரூபிகானில் வேலை பார்த்த விஞ்ஞானி ஒருவர் சீனக் கம்பெனிக்கு மாறி, தண்ணீர் கலந்த திரவத்தை அங்கே செய்தார். அவருக்குக் கீழே இருந்தவர்கள் அந்தச் செய்முறையோடு தைவானுக்குப் போய்த் திரவத்தை விற்றார்கள். ஆனால் எடுத்துக்கொண்டு போன செய்முறை முழுசாக இல்லை, காப்புச் சரக்கு விட்டுப்போயிருந்தது. இதுதான் கதை. திருட்டு எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் 2004இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செத்துப்போன கண்டன்சர்களைப் பிரித்துப் பார்த்து, திரவத்தில் இருக்க வேண்டிய சரக்கு இல்லை அல்லது போதவில்லை என்று எழுதினார்கள்.

தைவான் மதர்போர்டு கம்பெனிகளில் ஏபிட் பிரச்சினையை வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. பலர் வாயைத் திறக்கவில்லை. 'கண்டன்சர் கொள்ளைநோய்' என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. சொன்னவர்கள் எல்லோரும் கதையை ஒரே மாதிரி முடித்தார்கள்: ஜப்பான்காரன் ஒரிஜினல், தைவான்காரன் டூப்ளிகேட்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஜெராக்ஸ் கடை மானிட்டரின் சாவுக்கு உலக அளவில் ஒரு காரணம் கிடைத்துவிட்டதே! பிறகு டெல் கம்பெனியின் வழக்கைப் படித்தேன். கதை ஆட்டம் கண்டது.

2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் விற்ற கம்ப்யூட்டர்களில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம், பழுதாகக்கூடிய கண்டன்சரோடு போனவை என்று வழக்கு ஆவணங்களைப் பார்த்து 2010 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் கம்ப்யூட்டர்கள் வரிசையாகச் சாய்ந்தபோது, கஷ்டமான கணக்குகளைப் போட்டு மெஷினுக்கு வேலை ஜாஸ்தி கொடுத்துவிட்டீர்கள் என்பது கம்பெனி தரப்பு விளக்கமாக இருந்ததாம். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டது குற்றம்! எங்கள் ஊரில் 'வோல்டேஜ்' என்று சொல்வோமே, அதே வகைப் பதில். பழுது பொருளில் இல்லை, வைத்திருக்கிறவனிடம் இருக்கிறது.

அந்த டெல் கம்ப்யூட்டர்களில் இருந்தவை நிச்சிகான் கண்டன்சர்கள். நிச்சிகான் தைவான் கம்பெனி அல்ல, பெயர்பெற்ற ஜப்பான் கம்பெனி. அங்கே செய்முறை திருட்டுப் போகவில்லை. டப்பிக்குள் திரவம் அளவுக்கு மேல் நிரப்பப்பட்டதாகச் சொல்லப்பட்டது. ஆக, ஒரிஜினலும் உப்பியது. ஆனால் ஜனங்கள் மனசில் நின்றது தைவான் திருட்டுக் கதைதான். அது சொல்வதற்கு வசதி. மேலே இருப்பவன் தப்பு பண்ணினால் அது 'குறைபாடு'. கீழே இருப்பவன் பண்ணினால் 'டூப்ளிகேட்'.

*

அந்த இரண்டு நாள் பெஞ்சில் நடந்ததை இப்போது சொல்கிறேன். கண்டன்சரை மாற்றியும் மானிட்டர் வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது என்பதை நான் கற்றது அங்கேதான்.

முதலில் டார்ச். இருட்டாகிவிட்ட திரைக்குக் கிட்டே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். கிணற்றுக்குள் தெரியும் முகம் மாதிரி மங்கலாக விண்டோஸ் படம் தெரிந்தது. "படம் கீது. வெளிச்சம்தான் இல்ல" என்றார். அந்தக் காலத்து எல்சிடிக்குப் பின்னால் இருந்தது எல்இடி அல்ல, பேனா ரீஃபில் கனத்தில் குழல் விளக்குகள். அவற்றை எரிக்க நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும், பற்றவைக்கும் நொடியில் ஆயிரத்தைத் தாண்டும். அதைத் தயாரிக்கும் பகுதிக்கு இன்வெர்ட்டர் என்று பெயர். ஏதாவது ஒரு விளக்கில் கரண்ட் சரியாக ஓடவில்லை என்று தெரிந்தால் அது எல்லா விளக்கையும் அணைத்துவிடும். அந்த முடிவுக்கு வர அது எடுத்துக்கொள்ளும் நேரம்தான் நாங்கள் எண்ணிய இரண்டு செகண்ட்.

அடுத்து, தன் வேலையையே சந்தேகப்பட்டார். கண்டன்சரின் வெள்ளைக் கோடு மைனஸ் பக்கம்தானா? தலைகீழாகப் போட்டிருந்தால் அப்போதே வெடித்திருக்கும், ஆனாலும் பார்த்தார். ஈயம் பக்கத்துக் காலோடு ஒட்டியிருக்கிறதா? பழசைப் பிடுங்கும்போது செம்புக் கோடு உரிந்து வந்துவிட்டதா? பிறகு இன்வெர்ட்டர் பக்கம் போனார். கண்டன்சர் சாகும்போது தனியாகச் சாகாது, சின்ன ஃபியூஸையும் டிரான்சிஸ்டர்களையும் கூட்டிக்கொண்டு போகும் என்று மல்டிமீட்டரை வைத்தார். எல்லாம் சரி. விளக்கு ஒயர்களின் சொருகியைக் கழற்றி மாட்டினார். அதே இரண்டு செகண்ட்.

புதுசாகப் போட்ட நான்கையும் கழற்றி மீட்டரில் அளந்தார். 1000 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது; மீட்டரும் கிட்டத்தட்ட அதையே காட்டியது. "மீட்டரு ஓகே சொல்லுது. அப்ப நான்தான் ஏதோ கெடுத்துட்டேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

ராத்திரி கரண்ட் வந்த பிறகு, பழைய ரேடியோக்காரர்களின் ஒரு வேலையைச் செய்தார். திரை உடைந்து கிடந்த வேறொரு மானிட்டரின் போர்டிலிருந்து, தலை உப்பாத ஒரு கண்டன்சரை எடுத்தார். அதே 25 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புதுசாகப் போட்டதற்குப் பின்பக்கம் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று இணைத்து, லேசாக ஈயம் வைத்தார். ஸ்விட்சைப் போட்டோம்.

ஒன்று. இரண்டு. மூன்று. பத்து வரை எண்ணினேன். படம் நின்றது.

அண்ணன் இரண்டு டப்பியையும் கையில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் 105 டிகிரி, மற்றதில் 85 டிகிரி. அது மட்டும் வித்தியாசம் இல்லை. ஊரில் கிடைத்தவை ஆம்ப்ளிஃபயருக்குப் போடும் சாதாரண ரகம். கொள்ளளவு சரியாக இருந்தது, பைப்தான் குறுகல். எங்களிடம் இருந்த மீட்டர் டேங்கின் அளவைச் சொல்லும், பைப்பைச் சொல்லாது. இன்வெர்ட்டர் ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை கரண்ட் கேட்கும்போது சாதாரண ரகம் திணறும், விளக்கு தடுமாறும், காவல்காரன் அணைத்துவிடுவான்.

வெயிலும் ஒரு பக்கம் வேலை செய்திருக்கிறது. இந்த டப்பிகளுக்கு ஆயுள் கணக்கு உண்டு: பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் சுமாராக இரட்டிப்பாகும், கூடினால் பாதியாகும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதியது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். அதே ஆயுள் கொண்ட 85 டிகிரி ரகத்துக்கு அதே இடத்தில் 8,000தான். வேலூர்ப் பக்கத்து மே மாதத்தில், ஃபேன் ஓடாத கடையில், ஹீட் சிங்க்கை ஒட்டி நிற்கும் டப்பியின் கதி என்னவென்று நீங்களே கணக்குப் போடலாம்.

விடிந்ததும் அண்ணன் ஆம்பூர் போய் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தார். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி, 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். என்று கேட்டு வாங்கிக்கொண்டு ராத்திரி திரும்பினார். கண்டன்சர் விலையைவிட டிக்கெட்டும் சாப்பாடும் ஜாஸ்தி. நான்கையும் மாற்றி, மானிட்டரைக் கடையில் கொண்டுபோய் வைத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காட்டினார். கடைக்காரர் பணத்தை நீட்டினார். அண்ணன் முதலில் பேசின தொகையை மட்டும் எடுத்துக்கொண்டார். 'டூப்ளிகேட்' என்ற பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை, யாரும் திரும்பப் பெறவும் இல்லை.

*

போன வருஷம் ஊருக்குப் போனபோது அண்ணனைப் பார்த்தேன். இப்போது சிசிடிவி மாட்டுகிறார். தைவான், மேரிலாண்ட், டெக்சாஸ் எல்லாவற்றையும் டீ குடித்துக்கொண்டே சொன்னேன். தண்ணீரை அதிகமாக்கினார்கள், காப்புச் சரக்கு விட்டுப்போச்சு, வாயு கிளம்பித் தலை உப்பிச்சு என்றபோது சட்டென்று சிரித்தார். அவர் அப்பா முப்பது வருஷம் டேனரியில் மேஸ்திரியாக இருந்தவர்.

"இது நம்ம பிக்கிள் கதைடா தம்பி. ட்ரம்ல மொதல்ல உப்புத் தண்ணி. தோலு உப்பக் குடிச்ச அப்பாலதான் ஆசிட். உப்பு இல்லாம ஆசிட்ட ஊத்தினா தோலு உப்பிக்கும். அப்புறம் நீ இன்னா பண்ணாலும் அது தோலாவாது. பாத்துட்டுப் போறவன் ஆசிட் ஊத்துறதப் பாத்துக்கினு போவான். உப்பு எப்ப போட்டாங்கன்னு அவனுக்குத் தெரியாது."

அறிவியல் கட்டுரைகள் இரண்டு பக்கத்தில் சொன்னதை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார். அமிலம் தோலுக்குள் போகும்போது நார்கள் தண்ணீரை இழுத்து வீங்கும். உப்புதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. சரக்கு வேறு, வேதியியல் வேறு. ஆனால் கண்ணுக்குப் பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் நடப்பது ஒன்றுதான். அந்த மானிட்டருக்கு நாங்கள் முதலில் செய்ததும் அதேதான். 1000 என்ற எண்ணைப் பார்த்தோம், பைப்பைப் பார்க்கவில்லை. இதைச் சொன்னபோது அண்ணன் மறுக்கவில்லை. "ஆமா, என் தப்பும் கீது. ஆனா திருடல" என்றார்.

பிறகு கேட்டார்: "அந்த வெள்ளைக்காரக் கம்பெனி காசு குடுத்துச்சா?"

டெல் 2005இல் இதற்காக 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. 2007இல் ஒரு அமெரிக்க இணையக் கம்பெனி போட்ட வழக்கு 2010 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. வாரண்டி இருந்தவர்களுக்குப் போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். அதே 2007இல்தான் டெல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது, எங்கள் ஊர்ப் பக்கத்து ஷூக்கள் துறைமுகத்துக்குப் போகும் அதே நெடுஞ்சாலையில். இதையும் சொன்னேன்.

எங்கள் ஊருக்கு இந்தக் கேள்வி பழையது. பாலாற்றையும் கிணறுகளையும் டேனரிக் கழிவு கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட அந்த வழக்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ஆற்றுக்காவது ஒரு விதி இருக்கிறது. உப்பிப்போன ஒரு டப்பிக்கு, மூன்று கை மாறி வந்த பிறகு, கெடுத்தவன் யார் என்று யார் தேடுவார்கள்? கடைசியாகத் திறந்து பார்த்தவன்தான் கைக்குக் கிடைப்பான்.

அண்ணன் டீ கிளாஸை வைத்தார்.

"வாரண்டி இருந்தவனுக்குன்னு சொன்ன இல்ல. நமக்கு வந்தது செகண்ட் ஹேண்டு. பில்லே கிடையாது" என்றார். பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஏணி சாய்த்திருந்த கடைக்குள் போனார். அங்கே ஒரு கேமரா ராத்திரியில் மட்டும் படம் காட்டவில்லையாம்.